விருந்தாளிக் கூடை

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் ஆண் வாசனை கிடையாது. மாதா கோயில் முன்னால் வெள்ளை வேன்கள் வரிசையாக வந்து நிற்கும். பூசைக்குப் போட்ட சட்டையோடு புருஷன்மார்கள் ஏறிக்கொள்வார்கள். பெண்கள் ஆளுக்கொரு பை கொடுப்பார்கள். பைக்குள் கண்ணாடி ஜாடிகள். கடுகும் வெங்காயமும் வைத்துச் சுருட்டிய மாட்டுக்கறி, சிவப்பு முட்டைக்கோஸ், பீன்ஸ் குழம்பு எல்லாம் கொதிக்கக் கொதிக்க அடைத்து ரப்பர் வளையம் போட்டு மூடியது, ஐந்து நாளைக்கு ஐந்து ஜாடி. எல்லை தாண்டி ஜெர்மனிக்கு எட்டு மணி நேரப் பயணம். ஹனோவர் பக்கம், பிரேமன் பக்கம் என்று ஆளுக்கொரு திசையில் இறங்கிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே ஏறினால் சனிக்கிழமை விடியும்போது காலி ஜாடிகளோடு வந்து சேருவார்கள். எங்கள் ஓப்போலே நகரத்தின் சுற்றுவட்டாரத்தில் பாதி ஊர்களின் பிழைப்பு இதுதான்.

அந்த ஆண்களுக்கு வரி விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. கசாப்புக் கடை மாடியில் என் ஆபீஸ். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், கீழேயிருந்து ஏறிவருகிற புகைபோட்ட இறைச்சி வாசனை. குடும்பம் ஒரு நாட்டில், வேலை இன்னொரு நாட்டில் என்று இருப்பவனுக்கு இரண்டு அடுப்பு எரிகிறது, அந்த இரண்டாவது அடுப்பின் செலவை வரியில் கழித்துக்கொள் என்று ஜெர்மன் சட்டம் சொல்கிறது. அங்கத்து வாடகை, கட்டில், சட்டிபானை, வீட்டுக்கு வந்துபோகிற வழிச்செலவு எல்லாம் சேரும். ஒரே ஒரு நிபந்தனை. முதல் அடுப்பு இங்கே நிஜமாகவே எரிய வேண்டும். அவன் பிழைப்பு அங்கே இருக்கலாம், வாழ்க்கை இங்கே இருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் யோவாக்கிமுக்கு ஆறு வருஷம் நான்தான் இதை எழுதினேன். ஏழாவது வருஷம் ரசீதுகளைக் கொண்டுவரவில்லை. கேட்டதற்கு, "இந்த வருஷம் வேண்டாம் சலோமேயா, பொய் சொல்ல வேண்டியிருக்கும்" என்றார். அப்படித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. இது நடந்து பன்னிரண்டு வருஷமாகிறது. அவர் அங்கேயே இருக்கிறார், பிரேமனில், ஒரே அடுப்போடு.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கிசெலா விஷயத்தில் நான் செய்தது சரியில்லை, அதற்குக் காரணம் வேண்டுமல்லவா.

கிசெலா கல்யாணங்களுக்குக் கோலாச் என்கிற இனிப்பு ரொட்டி சுடுகிறவள். எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் ஒரு வாரம் முன்னாலேயே அக்கம்பக்கத்துக்கெல்லாம் கோலாச் போக வேண்டும். கசகசா வைத்தது, பாலாடைக்கட்டி வைத்தது, ஆப்பிள் வைத்தது, மேலே வெண்ணெய்ப் பொடி உதிர்த்தது. ஜூன் மாதம் கிசெலா முழங்கை வரை மாவோடுதான் நடமாடுவாள். அப்படியே ஒரு செவ்வாய்க்கிழமை என் ஆபீஸ் படியேறி வந்தாள். ஒரு கையில் சலவைத்தூள் பெட்டி, இன்னொரு கையில் கடிதம்.

"அக்கா, அங்கேருந்து வரி ஆபீஸ் கடுதாசி போட்டிருக்கு. ரைனோல்ட் போட்டோ எடுத்து அனுப்பினாரு, பொண்ணு அச்செடுத்துக் குடுத்தா. எனக்கு அந்த பாஷையில சாமி பாட்டுதான் தெரியும். என்னன்னு பாரு."

படித்தேன். இதுவரை மூன்று பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்த அவள் புருஷன் ரைனோல்ட், போன வருஷம் தனியாக ஒரு குடியிருப்பு எடுத்திருக்கிறான். நாற்பத்துநான்கு சதுர மீட்டர். வருஷத்தில் இருபத்தொன்பது முறைதான் ஊருக்கு வந்திருக்கிறான். ஆகவே அதிகாரி கேட்கிறார்: உமது வாழ்க்கையின் மையம் எங்கே இருக்கிறது? புருஷன் பெண்டாட்டி இருவரும் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஜூலை முடிவதற்குள் அனுப்பவும்.

"என்னக்கா கேக்கறான் அந்த ஆளு?"

"உன் புருஷன் குடும்பம் நடத்தறது இங்கயா, அங்கயான்னு கேக்கறான்."

கிசெலா நாற்காலியில் உட்கார்ந்தாள். மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"முன்னபின்ன தெரியாத ஒருத்தன், எங்கயோ ஆபீஸ்ல உக்காந்திருக்கான். அவனுக்கே சந்தேகம் வந்துடுச்சு பாத்தியா."

"சந்தேகம் இல்லடி, விதி. எல்லாருக்கும் கேப்பாங்க."

"கேக்கட்டும். எனக்கும் அதேதான் கேக்கணும். ஒண்டிக் கட்டைக்கு நாப்பத்துநாலு மீட்டர் எதுக்கு? இங்க வந்தா சோபாவ விட்டு எந்திரிக்காத மனுஷன். அவருக்குப் படுக்க ரெண்டு மீட்டர் போதாதா?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. ஜாடி."

"என்ன ஜாடி?"

"வருஷக்கணக்கா ஜாடி வந்துட்டுதான் இருக்கு. முன்னல்லாம் அடியில குழம்பு காஞ்சுபோய், மூடி ஒரு பக்கம், வளையம் ஒரு பக்கம்னு வரும். நான் திட்டிக்கிட்டே கழுவுவேன். போன வருஷத்துலேருந்து பளபளன்னு வருது. வாசனையே இல்ல. ரப்பர் வளையத்தத் தனியாக் கழுவி, காயவெச்சு, மாவு தடவி, துணியில சுத்தி வெச்சிருக்கு. ஆம்பள கழுவின ஜாடி இல்லக்கா அது."

நான் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் ரப்பர் வளையத்துக்கு மாவு தடவுகிற ஆணை நான் பார்த்ததில்லை.

சலவைத்தூள் பெட்டியைக் கவிழ்த்தோம். உள்ளே ரசீதுகள், தூள் மணத்தோடு. எங்கள் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான். கோப்பு வாங்கிக் கொடுத்தாலும் வைக்க மாட்டார்கள். வருஷம் முழுக்க ஒரு பெட்டியில் போட்டு, பெட்டி நிறைந்ததும் பெண்டாட்டிக்கு அனுப்பிவிடுவார்கள். தன் வீட்டு ரகசியம் எல்லாம் அதில் கிடக்கிறதே என்ற நினைப்பே இருக்காது.

கட்டில். இஸ்திரி மேசை. தலையணை இரண்டு. பூப்போட்ட ஜன்னல் திரை. ஜெரேனியம் பூத்தொட்டி. கிசெலா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். முகம் மட்டும் இறுகிக்கொண்டே போனது. அதற்கடுத்த சீட்டு என் கைக்கு வந்தது. பெண்கள் வீட்டுச் செருப்பு, ஒரு ஜோடி, அளவு முப்பத்தெட்டு.

அதை நான் சத்தமில்லாமல் அடியில் சொருகியிருக்கலாம். பெண்கள் செருப்புக்கு எந்தச் சட்டத்திலும் கழிவு கிடையாது, எனக்கு அந்தச் சீட்டு தேவையே இல்லை. ஆனால் வாய்விட்டுப் படித்தேன், அளவோடு சேர்த்து. பன்னிரண்டு வருஷமாக ஊரில் கைவிடப்பட்டவள் நான் ஒருத்திதான். துணைக்கு இன்னொருத்தி வந்தால் என்ன என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. அவள் மேல் எனக்கு எப்போதும் ஒரு பொறாமை உண்டு. சனிக்கிழமை விடியற்காலையில் வேன் சத்தம் கேட்டதும் அவள் வீட்டு விளக்கு எரியும், என் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும்.

கிசெலா தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

"என் அளவு நாப்பது," என்றாள்.

அந்த வாரம் ரைனோல்ட் வரவில்லை. சனிக்கிழமையும் வேலை என்று போன் செய்தான். என் மேசை முன்னால்தான், எனக்கும் கேட்கும்படி வைத்து அவள் பேசினாள்.

"கையெழுத்துப் போட்டுட்டியா? நாள் போய்க்கிட்டே இருக்கு, கிசெலா. அந்தப் பணம் வந்தாதான் குளிருக்கு முன்னாடி நிலக்கரி அடுப்ப மாத்த முடியும்."

"எங்க கையெழுத்துப் போடணும்? உங்க குடும்பம் இங்கதான் இருக்குன்னு எழுதியிருக்கே, அதுக்குக் கீழயா?"

"ஆமா, அங்கதான்."

"போடறேன். நல்லாப் போடறேன்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, வெள்ளிக்கிழமை வேன்ல இடம் சொல்லிட்டேன். ரெண்டு இடம்."

"ரெண்டா?"

"எனக்குப் பாஷை வராதே. அங்க ஒருத்தி கதவத் தொறந்தா நான் என்னன்னு சொல்லித் திட்டுவேன்? சாமி பாட்டா பாடறது? நான் சொல்லச் சொல்ல நீ அவ பாஷையில திட்டு."

வெள்ளிக்கிழமை காலையில் ஆண்களை அழைத்துவரக் காலி வேன் போகும். ஓட்டுகிறவன் நோர்பெர்ட் எங்களைப் பார்த்ததும் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தான்.

"என்னக்கா இது, ஆம்பளைங்க வழியில நீங்க? கிசெலாக்கா, அண்ணனுக்கு நேர்ல சோறூட்டப் போறியா?"

"ஊட்டறேன். உனக்கும் வேணும்னா ஒரு வாய் வாங்கிக்க."

அவன் சிகரெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான். வழி முழுக்கக் கடுகு வயல்கள் அறுவடைக்குக் காத்து நின்றன, காற்றே இல்லாத புழுக்கம். கிசெலா மடியில் ஒரு தட்டு கசகசா கோலாச். சண்டைக்குப் போகிறவள் பலகாரத்தோடு ஏன் போகிறாள் என்று கேட்டேன். "வெறுங்கையோட ஒரு வீட்டு வாசப்படி மிதிக்கலாமா?" என்றாள். பிறகு, "முப்பத்தெட்டுன்னா சின்னக் கால்தான் இல்ல?" என்றாள். எல்லை தாண்டும்போது இன்னொரு முறை கேட்டாள். எனக்கு அவள் மேல் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. இரண்டையும் மறைத்துக்கொண்டு தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

மாலை நான்கரைக்கு நோர்பெர்ட் எங்களை இறக்கிவிட்டான். "ஏழு மணிக்கு ஆளுங்கள ஏத்திக்கிட்டு இங்க வருவேன். அதுக்குள்ள ஊட்டி முடிச்சிடுங்க."

இரண்டாவது மாடி. கதவில் பெயர்ச்சீட்டு, ரைனோல்ட் பெயர் மட்டும். கிசெலா மணியை அழுத்திவிட்டு என்னைத் தனக்கு முன்னால் தள்ளிவிட்டாள். கதவு திறந்தது. ரைனோல்ட் நின்றான். இடுப்பில் துண்டு கட்டி, கையில் உருளைக்கிழங்கு சீவுகிற கத்தி.

"சலோமேயாக்கா?" என்றான். அப்புறம் பின்னால் பார்த்தான். "கிசெலா! வீட்ல யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. எங்க அவ?"

"எவ?"

கிசெலா அவனைத் தாண்டி உள்ளே நுழைந்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். குளியலறையில் பார்த்தாள், ஒரே ஒரு பல் துலக்கி. அலமாரியைத் திறந்தாள், இஸ்திரி போட்ட சட்டைகள், மடிப்புக் கலையாமல். ஜன்னலில் ஜெரேனியம் சிவப்பாகப் பூத்திருந்தது, உதிர்ந்த இலை ஒன்றுகூடக் கிடையாது. சமையல் மேடையில் ஒரு துணி விரித்து அதன்மேல் அவளுடைய ஜாடிகள் ஐந்தும் கவிழ்த்துக் காய்ந்துகொண்டிருந்தன. வளையங்கள் தனியாக.

"யாரு கழுவினா?"

"நான்தான்."

"மாவு தடவறது?"

"அதும் நான்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னாரு, தடவினா ரப்பர் வெடிக்காதாம்."

"திரை?"

"வெயில் நேரா மூஞ்சில அடிச்சுது."

"தலையணை எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு கழுத்துக்கு. கிசெலா, என்ன இது? போலீஸ் மாதிரி."

அவள் வாசலுக்குப் போனாள். கதவோரம் அந்தச் செருப்பு இருந்தது. சாம்பல் நிறக் கம்பளி, மேலே சின்னதாகப் பூத்தையல். விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. யாரும் போட்டதில்லை. கையில் எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது யாருக்கு?"

"உனக்கு."

"எனக்கா? என் கால் என்ன அளவுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"முப்பத்தெட்டு. கல்யாணச் செருப்பு வாங்க ஓப்போலே போனப்ப நான்தான கூட வந்தேன்."

"அது அந்தக் காலம்! ரெண்டு பிள்ளை பெத்தேன். இருபத்தஞ்சு வருஷமா அடுப்பு முன்னாடி நிக்கறேன். கால் நாப்பது ஆயிடுச்சு. நீங்க இன்னும் எவளோ ஒரு இருபத்திரண்டு வயசுக்காரிக்குச் செருப்பு வாங்கிக்கிட்டிருக்கீங்க!"

ரைனோல்ட் விழித்தான். நான் சுவரைப் பார்த்தேன். ஒருத்தி தன்னைப் பார்த்தே பொறாமைப்பட முடியும் என்று அன்றுதான் கண்டேன். எனக்கோ வேறு எரிச்சல். திட்ட வந்த இடத்தில் திட்டுவதற்கு ஆளில்லை. எனக்குத் துணை கிடைக்கவில்லை.

அவள் கீழே உட்கார்ந்து அந்தச் செருப்பை வலுக்கட்டாயமாகக் காலில் ஏற்றினாள். குதிகால் பாதி வெளியே நின்றது. அப்படியே எழுந்து தட்தட்டென்று சமையல் மேடைக்குப் போனாள்.

"என்ன சமைக்கறீங்க?"

"உருளைக்கிழங்கு உருண்டை. கொஞ்சம் காளான் குழம்பு."

"அப்ப என் ஜாடி?"

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "கோவிச்சுக்காத. ரெண்டு நான் சாப்பிடறேன். மூணு, கூட வேலை செய்யற பசங்களுக்குக் கொடுத்துடறேன். எனக்குச் சமைக்கப் புடிச்சிருக்கு, கிசெலா. வேலை விட்டு வந்து, ஜன்னலத் தொறந்து வெச்சு, ரேடியோ போட்டு…"

"என் அடுப்புல ஒரு நாள் வெந்நீர் வெச்சதுண்டா?"

"நீ விட்டாத்தான?"

"நான் எப்ப விடல?"

"ஒருதரம் தட்டு கழுவினேன். நீ வந்து, எனக்குப் பின்னாலயே நின்னு, திருப்பிக் கழுவின."

"சரியாக் கழுவலையே!"

"இங்க சரியாத்தான் கழுவறேன்."

கிசெலா ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் அவளை அழவைத்தது.

"அக்கா, ஒருத்தி இருந்திருந்தா முடியப் புடிச்சு இழுத்துத் தெருவுல விட்டிருப்பேன். இந்த நாலு சுவத்த நான் என்ன பண்றது? இது என் புருஷன நல்லவனா வெச்சிருக்குதே. எனக்குக் கொடுக்காத மனுஷன இதுக்குக் கொடுத்திருக்காரே."

உருளைக்கிழங்கு கொதித்துப் பொங்கியது. ரைனோல்ட் போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தான். நான் கைப்பையிலிருந்து, எழுதி வைத்திருந்த பதில் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். வந்த வேலை அதுதானே.

"அக்கா, அந்தக் கேள்விய அவரக் கேளு," என்றாள் கிசெலா. "அந்த ஆளு கேட்ட மாதிரியே கேளு. அவர் வாயால சொல்லட்டும். அப்புறம் போடறேன் கையெழுத்து."

கேட்டேன். உன் வாழ்க்கை எங்கே நடக்கிறது, ரைனோல்ட்?

அவன் உடனே சொல்லியிருக்கலாம். எந்தப் புருஷனும் சொல்லியிருப்பான். மேசையில் விழுந்திருந்த உருளைக்கிழங்குத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் சேர்த்துக்கொண்டான்.

"அங்கதான்," என்றான் கடைசியில். "எங்கப்பன் கல்லறை அங்க. தீயணைப்புப் படையில என் பேரு அங்க. நீ அங்க. ஆனா…"

"ஆனா என்ன?"

"வாசல்ல இருக்கற கூடை."

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டு வாசலிலும் ஒரு பிரம்புக் கூடை இருக்கும். தெருச் செருப்போடு யாரும் உள்ளே வரக்கூடாது என்பதால், வருகிற விருந்தாளிக்குப் போட்டுக்கொள்ள ஐந்தாறு ஜோடி வீட்டுச் செருப்பு அதில் கிடக்கும். வீட்டு ஆட்களின் செருப்பு தனியாக, கதவுக்கு அந்தப் பக்கம்.

"என் செருப்பு கிழிஞ்சு நாலு வருஷமாச்சு. நீ தூக்கிப் போட்டுட்ட. ரெண்டு நாளைக்கு வர்றவருக்கு எதுக்குன்னு வேற வாங்கல. நாலு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை அந்தக் கூடையில கைய விட்டு, கிடைக்கறதப் போட்டுக்கறேன். போன தடவை கிடைச்சது பொம்பளச் செருப்பு, சிவப்பு. நீ பாத்துட்டுச் சிரிச்ச. நானும் சிரிச்சேன். நீ நல்லாத்தான் கவனிக்கற, கிசெலா. சுருட்டுக்கறி, உருண்டை, காப்பி, கோலாச், எல்லாம் தட்டுல வருது. எந்திரிக்காதீங்கங்கற. மூணு மணிக்கு வேன் வருது. விருந்தாளியத்தான் அப்படிக் கவனிப்பாங்க."

கிசெலா குதிகால் வெளியே நிற்கும் தன் காலைப் பார்த்தாள். அந்தச் சிவப்புச் செருப்பு அவளுக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"உனக்கு இங்க ஒரு ஜோடி வாங்கி வெச்சேன்," என்றான் ரைனோல்ட். "நீ வந்தா விருந்தாளி மாதிரி நிக்கக்கூடாதுன்னு. அளவுதான் தப்பாப் போச்சு."

காளான் குழம்பு நன்றாகவே இருந்தது. நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். கிசெலா உருண்டையில் விரல் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "குழி ஆழமாப் போடணும், அப்பதான் குழம்பு நிக்கும்," என்றாள். அவன் தலையாட்டினான். சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளைக் கழுவ எழுந்தாள். பாதியில் நின்றாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டாள். அவன் கழுவுவதைக் கடைசி வரை பார்த்தாள். பார்க்க அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கடிதத்தில் அவன் கையெழுத்துப் போட்டான். அவள் போடவில்லை. "ஊர்ல போய்ப் போடறேன்," என்றாள். ஏழு மணிக்கு வேன் வந்தது. காய்ந்த ஜாடிகளை அவனே பையில் அடுக்கிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். வழக்கமாக அவள் கொடுக்க அவன் வாங்குவது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தெட்டு அளவுச் செருப்பை அவள் அங்கே விட்டு வரவில்லை, கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். "மாத்திக் கொடுப்பாங்களா?" என்று அவன் கேட்டதற்கு, "மாத்த வேண்டாம், இருக்கட்டும். இதே மாதிரி நாப்பதுல ஒண்ணு வாங்கி வைங்க. அவளும் இருக்கட்டும், நானும் இருக்கேன்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை சந்தை நாள். பத்து மணிக்குக் கிசெலா என் படியேறி வந்தாள். அன்றைக்கும் முழங்கை வரை மாவு. கடிதத்தை வாங்கி, அவன் கையெழுத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் மேலேயே, அழுத்திப் போட்டாள். பிறகு ஒரு காகிதப் பையை மேசைமேல் வைத்தாள். உள்ளே ஆண்கள் வீட்டுச் செருப்பு, பழுப்புத் தோல், உள்ளே ஆட்டு ரோமம், அளவு நாற்பத்துநான்கு. சந்தையில் இருப்பதிலேயே விலை கூடியது அதுதான், எனக்குத் தெரியும்.

"எங்க வைக்கப் போற?"

"கதவுக்கு அந்தப் பக்கம். என்னோடதுக்குப் பக்கத்துல." ரசீதை எடுத்து நீட்டினாள். "இதையும் அந்தப் பெட்டியோட சேத்துக்க, அக்கா. செலவுதான?"

"இது சேராதுடி. ரெண்டாவது வீட்டுக்கு வாங்கினாத்தான் கழிக்க முடியும். முதல் வீட்டுக்கு வாங்கறதுக்கு அவங்க ஒண்ணும் தர மாட்டாங்க."

கிசெலா ரசீதை மேசைமேல் வைத்தாள். முகம் மலர்ந்தது, அந்த மாதம் முழுக்க நான் பார்க்காத மலர்ச்சி.

"தர மாட்டாங்களா? தர வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

என் வீட்டு வாசல் கூடையிலும் நாற்பத்துமூன்று அளவில் ஒரு ஜோடி கிடக்கிறது. யோவாக்கிமுடையது. அவர் என்னை விட்டுப் போன அந்த வருஷம் நான்தான் அதைக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக் கூடையில் போட்டேன். இப்போது மின்சார மீட்டர் பார்க்க வருகிறவன் போட்டுக்கொள்கிறான்.

கிசெலா ரசீதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன், தெரு முனையில்தான் போய்க்கொண்டிருந்தாள், கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் கூப்பிடவில்லை. முதல் வீட்டுக்கான ரசீது என்னிடமும் ஒன்று இருக்கட்டும் என்று, அதை மடித்து என் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.